கேட்டு எடுத்த கட்டில்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி. தம்பியின் மகள், இருபத்தொன்பது வயது, பெயிண்ட் வேலை அவளுடையது. எங்கள் தங்கையின் கணவர், வெல்டிங் பார்ப்பவர்; ஐம்பத்தைந்து வயதாகியும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். ஐந்தாவது ஆள் லாரிக்காரர். வந்து நின்றதும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறப்பதால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

வேறு யாரும் இல்லை. பிற்பாடு "நானும் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நடந்தது உண்மை. எழுபத்தொரு வயதில் கதை கட்டிப் பெயர் வாங்க வேண்டிய நிலையில் என் குடும்பம் இல்லை. நள்ளிரவும் இல்லை, அமாவாசையும் இல்லை. மாலை மணி நான்கு இருபது. வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. பட்டறைச் சுவர்க் கடிகாரமும் என் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டின.

எங்கள் தொழில், பிறர் வேண்டாம் என்று எறிந்ததை எடுத்து விலங்கு செய்வது. ஆமைக்கு ஓடு, உடைந்த ஹெல்மெட். கொக்குக்குக் கழுத்து, குளியலறைக் குழாய். எங்கள் நரியின் வாலைத் தொட்டுப் பார்த்தால்தான் அது பாட்டில் கழுவும் பிரஷ் என்று தெரியும். பூங்காக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனை முற்றங்களிலும் எங்கள் விலங்குகள் நிற்கின்றன. ஒன்றுகூட இதுவரை சாய்ந்ததில்லை.

பட்டறையில் இரண்டு சட்டம் உண்டு. எங்கள் அப்பா போட்டது.

முதல் சட்டம்: குப்பையாகவே கிடந்தாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கதவைத் தட்டு. கேள். "எடுத்துக்கோங்க" என்ற சொல் காதில் விழுந்த பிறகு கையை வை. பதில் இல்லையா, வெறுங்கையோடு திரும்பு. யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டோம் என்று நோட்டில் எழுதுவோம். இடத்தைப் போட்டோ எடுத்து வைப்போம். பழைய சாமான் பொறுக்குகிறவனை ஊர் பார்க்கிற பார்வை ஒன்று. திருடனைப் பார்க்கிற பார்வை இன்னொன்று. எங்கள் அப்பா மேல் ஒருமுறை அந்த இரண்டாவது பார்வை விழுந்தது, துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாளுக்காக. அதைச் சாகும்வரை அவர் மறக்கவில்லை.

இரண்டாவது சட்டம்: செய்து முடித்த விலங்கு, முட்டு எதுவும் இல்லாமல் மூன்று இரவு தன் காலில் நிற்க வேண்டும். காலைச் சுற்றி சாக்பீஸில் வட்டம் போடுவோம். முதுகின் உயரத்தை ஒரு கம்பில் குறித்துக்கொள்வோம். மூன்று இரவும் வட்டம் தாண்டாமல், உயரம் குறையாமல் நின்றால்தான் அது வாசலைத் தாண்டும். குழந்தைகள் மேலே ஏறி உட்காருகிற பொருள். அது சாய்ந்தால் எங்கள் பெயரும் சேர்ந்து சாயும்.

இனி என் தம்பியைப் பற்றி.

தம்பியின் மனைவி பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்து போனாள். ஆள் வைத்துப் பார்க்க அவன் சம்மதிக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவளால் கூப்பிட முடியாது. கட்டில் 'கிரீச்' என்றால் அவன் எழுந்துவிடுவான். ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. "சரிம்மா, சரிம்மா" என்பான். புரட்டுவான். முட்டிக்கு அடியில் துணியை மடித்து வைப்பான்.

அவள் போன அன்று அவன் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பிட்டான். வேலைக்கு வந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தான். கால் இருக்கிறது, ஊன்றினால் தரை தெரியவில்லை. எட்டு மாதம் இப்படிப் போனது.

அந்த எட்டு மாதத்தில் ஒரு தவறு நடந்தது. எங்கள் வீட்டுத் தவறுதான், மறைக்கவில்லை. ஒரு பட்டறை வாசலில் கிடந்த இரும்புச் சக்கரத்தைக் கேட்காமலே எடுத்து வந்து, 'கேட்டேன், கொடுத்தார்' என்று நோட்டில் எழுதிவிட்டான். எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஏன்டா பொய் எழுதினே?"

"கேட்டா என்ன, கேக்கலைன்னா என்ன, அண்ணா."

கையை ஓங்கிவிட்டேன். அவன் விலகவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஓங்கிய கையை நானே இறக்கிக்கொண்டேன். சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டு வந்தேன். அன்று முதல் சாமான் எடுக்கப் போகும்போது மகளையும் அவனோடு அனுப்பினேன்.

இனி வருவதில் பாதி, தம்பி பிற்பாடு என்னிடம் சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. மாலை நான்கு இருபது. நீளமான ஒரு குறுக்குத் தெரு. மகள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருவின் கடைசி வீட்டின் சுற்றுச்சுவரில் ஒரு இரும்புக் கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பச்சை பெயிண்ட். தலைமாட்டில் உயரமான இரண்டு கம்பம், கால்மாட்டில் இரண்டு. கம்பங்களின் உச்சியில் பித்தளைக் குமிழ். நடுவே ஸ்பிரிங் வலை. தம்பி "நிறுத்து" என்றான். எட்டு மாதத்தில் அவனாக எதையும் கேட்டது அதுதான் முதல் முறை.

பூங்கா அலுவலகத்துக்கு ஒரு குதிரை செய்து கொடுக்க வேண்டியிருந்தது. காலுக்குத்தான் குழாய் சரியாக அமையாமல் தேடிக்கொண்டிருந்தோம். அந்த நான்கு கம்பத்தையும் பார்த்ததும் அவனுக்குக் குதிரையின் கால் தெரிந்ததாம்.

கேட்டைத் திறந்து உள்ளே போனான். கதவைத் தட்டினான். பதில் இல்லை. இரண்டாம் முறை தட்டினான். பதில் இல்லை. மூன்றாம் முறை தட்டிவிட்டுத் திரும்பினான்.

"யாரு?"

பெண் குரல். வயதான குரல். கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. காதைக் கதவில் வைத்துக்கொண்டான்.

"வாசல்ல ஒரு கட்டில் கிடக்குதும்மா. வேண்டாம்னா எடுத்துக்கலாமா?"

"எடுத்துட்டுப் போய் என்ன செய்வீங்க?"

"குதிரை செய்வோம்மா."

பிறகு மெல்ல ஒரு மூச்சு. சிரிப்பா, அலுப்பா, அவனுக்குத் தெரியவில்லை.

"எடுத்துக்கோங்க. ரொம்ப நேரம் நிக்க வைக்காதீங்க. கால் வலிக்கும்."

"சரிம்மா" என்றான்.

அவனுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. பதினான்கு மாதம் 'சரிம்மா' சொல்லிப் பழகிய வாய். நோட்டில் எழுதினான்: 'திங்கள். 4.20. வீட்டம்மா. எடுத்துக்கச் சொன்னாங்க.' காலைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை. அவன் கதவருகே பேசிக்கொண்டிருந்தபோதே மகள் வண்டியில் இருந்தபடி ஒரு போட்டோ எடுத்திருந்தாள். இருவரும் சேர்ந்து கட்டிலை ஏற்றினார்கள்.

எட்டு நாளில் குதிரை எழுந்தது. தலைமாட்டுக் கம்பம் இரண்டும் முன்னங்கால். கால்மாட்டுக் கம்பம் இரண்டும் பின்னங்கால். ஸ்பிரிங் வலைதான் விலா. குளம்புக்கு நான்கு பழைய இஸ்திரிப் பெட்டி. முகத்துக்கு அடி ஓட்டையான பூவாளி. காதுக்கு இரண்டு கொத்தனார் கரண்டி. பிடரிக்கு சைக்கிள் செயின். கட்டிலின் பித்தளைக் குமிழில் ஒன்றை நெற்றியில் வைத்தான். செய்யும்போதும் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கை மட்டும் பழைய கையாக இருந்தது.

மாப்பிள்ளை வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பெரிய மச்சான், காலு நாலும் கட்டில் காலு, வயிறு கட்டில் வலை. இது ஓடுமா, குறட்டை விடுமா?"

"நிக்கும். அது போதும்."

"நிக்கட்டும். நம்ம வீட்ல நான் ஒருத்தன்தான் எப்பப் பார்த்தாலும் படுத்திருக்கேன்னு உங்க தங்கச்சி சொல்றா. துணைக்கு ஒண்ணு வருதோன்னு பார்த்தேன்."

மகள் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வட்டம் போட்டோம். முதுகு உயரம் நான்கு அடி ஏழு அங்குலம். கம்பில் நானே கோடு கிழித்தேன். பட்டறையை நானே பூட்டினேன். ஒரே சாவி. அது என் இடுப்பில்.

புதன் காலை ஏழு மணி. கம்பை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் குறைந்திருந்தது.

தரை இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். தரை சரியாக இருந்தது. வட்டம் நான்கும் அழியாமல் இருந்தன. வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை.

"கம்பு வளர்ந்திருக்கும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

மூன்று இரவில் முதல் இரவிலேயே உயரம் குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. சனிக்கிழமை பூங்கா திறக்கிறார்கள். எங்கள் பெயர் பொறித்த தகடு ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று மாலை நான்கு இருபது. தம்பி பட்டறையின் மறுகோடியில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

கிரீ...ச்.

எல்லாருக்கும் கேட்டது. கட்டிலில் ஆள் புரளும் சத்தம். அது எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே சத்தம்தான்.

தம்பி கத்திரியைக் கீழே வைத்தான். எழுந்தான். நடந்தான். நேராகக் குதிரையிடம் போய், ஒரு கையை விலாவுக்குக் கீழே கொடுத்தான். இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே கொடுத்தான்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"புரட்டணும்."

"யாரை?"

அவன் மகளைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் மறுபடியும் தகரம் வெட்டினான். பயம் வந்ததா என்று பிற்பாடு கேட்டேன். "வர வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்லைண்ணா" என்றான்.

வியாழன் காலை ஏழு மணி. நான்கு விரல் குறைந்திருந்தது.

இப்போது கம்பு வேண்டியதில்லை. கண்ணுக்கே தெரிந்தது. நேராக இருந்த முன்னங்கால் குழாய்கள் முட்டியில் கொஞ்சம் மடங்கியிருந்தன. செய்தபோதே அப்படித்தான் செய்தோமோ என்று நினைக்கும்படி இருந்தன. மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் மடிப்பைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

"சூடு காட்டாம இந்தக் குழாயை வளைக்க முடியாது மச்சான். சூடு காட்டினா பெயிண்ட் கருகும். கருகலை. சும்மா வளைச்சா உரியும். உரியவும் இல்லை."

அதற்குப் பிறகு அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"காலை அறுத்து, உள்ளே கம்பி விட்டு, மறுபடி நேரா நிறுத்துங்க" என்றேன்.

"வேண்டாம்ணா" என்றான் தம்பி. "கால் வலிக்கும்."

"யாருக்குடா?"

"குதிரைக்கு."

அவன் விளையாடவில்லை. தம்பி மனசு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். ஊரார் முன்னால் இதை எப்படி மூடுவது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன், மறுக்கவில்லை.

மாலை நான்கு இருபதுக்கு மறுபடியும் அந்தச் சத்தம். இரண்டு முறை. தம்பி எழுந்தான். மகள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அன்று இரவு சட்டத்தை மீறினேன். மீறியது நான், வேறு யாரும் இல்லை. குதிரையின் வயிற்றுக்கு அடியில் நான்கு இரும்பு முட்டுக் கொடுத்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் என் தொடை கனம். ஜன்னல்களை அடைத்தேன். பூட்டினேன். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

தம்பி அன்று தூங்கவில்லை. அவன் வீட்டில் மனைவி கிடந்த கட்டில் எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருக்கும். அந்தச் சுவரைப் பார்த்தபடி தரையில் படுத்திருந்தானாம். முப்பது ஆண்டு பழகிய அறை. ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். கேட்காததுதான் பிடிக்கவில்லை என்றான். கேட்டிருந்தால் எழுந்திருக்கலாம்.

வெள்ளி காலை ஏழு மணி. பூட்டு போட்டபடி இருந்தது. நானே திறந்தேன்.

முட்டு நான்கும் குதிரைக்கு அடியில் இல்லை.

சுவர் ஓரமாக இருந்தன. விழுந்து கிடக்கவில்லை. இரண்டிரண்டாக, ஒன்றையொன்று ஒட்டி, நேராக வைக்கப்பட்டிருந்தன. படுக்கப் போகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி விடுவார்களே, அப்படி.

குதிரை இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முட்டுகளை எடுத்து உள்ளறையில் வைத்தேன்.

மாலை நான்கு மணிக்கு லாரி வந்தது.

"சீக்கிரம், சீக்கிரம்" என்றார் அவசரம். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும். எங்க, குதிரையைக் காணோம்? இதா? என்ன பெரியவரே, குதிரைக்கு மூட்டு வலியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

ஏற்றுவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்றினால் நிற்காத விலங்கை அனுப்பியவன் ஆவேன். ஏற்றாவிட்டால் சொன்ன சொல் தவறியவன் ஆவேன். வாசலில் நின்று யோசித்தேன். மாப்பிள்ளை லாரியில் கயிறு தயார் செய்தார். மகள் சாக்கு விரித்தாள். அவசரம் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி மட்டும் உள்ளே இருந்தான். கதவு விரியத் திறந்திருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு இருபது.

கிரீ...ச்.

"வர்றேன்" என்றான் தம்பி.

சாதாரணமாகச் சொன்னான். பக்கத்து அறைக்குப் பதில் சொல்வது மாதிரி.

போனான். ஒரு கை விலாவுக்குக் கீழே.

ஒரு கை இடுப்புக்குக் கீழே.

கிரீ...ச்... கிரீ...ச்...

"சரிம்மா... சரிம்மா..."

முன்னங்கால் மடங்கியது.

மெதுவாக.

பிறகு பின்னங்கால்.

இரும்பு உடையும் சத்தம் இல்லை. உரசும் சத்தம் இல்லை. ஸ்பிரிங் மட்டும்... நீளமாக... ஒரு மூச்சு விட்டது.

பூவாளி முகம் தரையில் சாய்ந்தது.

தம்பி ஒரு சாக்கை மடித்தான். முட்டிக்கு அடியில் வைத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஐந்து பேரும் பார்த்தோம்.

முதலில் அசைந்தவர் அவசரம். அன்றைக்குத்தான் தன் பெயருக்கு ஏற்றபடி ஓடினார். லாரிச் சாவியை லாரியிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

நான் உள்ளே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, அது என் பட்டறை. குழாய்களைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தன. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. வெல்டிங் ஒன்றும் விடவில்லை. சாக்பீஸ் வட்டம் நான்கும் பொடிகூடக் கலையாமல் அப்படியே இருந்தன. அவற்றுக்குள் குளம்பு மட்டும் இல்லை. நான்கு இஸ்திரிப் பெட்டியும் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன.

தம்பி அழவில்லை. ஆனால் அன்று இரவு எட்டு மணிக்குப் படுத்தவன் மறுநாள் பத்து மணிவரை தூங்கினான்.

குதிரையைப் படுத்தபடியே அனுப்பினோம். அவசரத்தின் மைத்துனர் வந்து லாரியை ஓட்டினார். அலுவலகத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் ஏற வசதி என்று சந்தோஷப்பட்டார்கள். மூன்று இரவு நிற்காமல் எங்கள் வாசலைத் தாண்டியது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அது அசையவில்லை. மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்க்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஒருவர் பட்டறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெளியூரில் வேலை. பூங்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர், குதிரையின் நெற்றியில் பித்தளைக் குமிழைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு நசுங்கல் உண்டு, அவரே சின்ன வயதில் சுத்தியால் அடித்ததாம்.

"எங்கம்மா கட்டில் அது. யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

தெருவில் நின்று கேட்டார். நான்கு பேர் நின்று பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வை. அப்பாவுக்குப் பிறகு ஐம்பது ஆண்டு கழித்து, என் வாசலில்.

"எங்க வீட்ல கேக்காம எடுக்கிற பழக்கம் இல்லை. நோட்டு இருக்கு" என்றேன்.

எடுத்து வந்து கொடுத்தேன். அவர் படித்தார். 'திங்கள். 4.20. வீட்டம்மா. எடுத்துக்கச் சொன்னாங்க.' இரண்டு முறை படித்தார்.

"அய்யா, அந்த வீடு பூட்டிக் கிடக்கு. இந்தப் பக்கத்துல மேல போட்டிருக்கிற தேதிக்கு அம்மா போய் முப்பத்தாறு நாள். பூட்டிச் சாவியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். கட்டிலை மட்டும் மச்சினன் வந்து எடுத்துட்டுப் போறேன்னான், அதான் வெளியில வெச்சேன். யாருய்யா இந்த வீட்டம்மா?"

நான் தம்பியைப் பார்த்தேன். ஒருமுறை பொய் எழுதியவன். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று சொன்னவன். அந்த நிமிடம் என் தம்பியை நான் நம்பவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் எழுதக் கூசுகிற வரி இது. எழுதிவிட்டேன்.

"கேட்டியாடா?"

"கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா. உள்ளேருந்து."

"என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை மாறாம சொல்லு."

தம்பி சொன்னான். 'கால் வலிக்கும்' என்று சொன்னதையும் சொன்னான். அதை நான் முழுதாகக் கேட்டது அப்போதுதான்.

வந்தவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவருடைய அம்மா ஒரு துணிக்கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவராம். அங்கே வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். கடைசிக் காலத்தில் இரண்டு காலும் வீங்கி, அந்தக் கட்டிலிலேயே கிடந்தார்.

"யார் வாசலுக்கு வந்தாலும் அம்மா அதான் சொல்லும். கேஸ்காரர், தபால்காரர், யாரா இருந்தாலும். நிக்காதீங்க, உக்காருங்க, கால் வலிக்கும்..."

நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரை அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு தம்பி மகள் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அன்றைக்கு வண்டியிலிருந்து எடுத்த போட்டோ. திங்கள், நான்கு இருபது. தம்பியின் முதுகு. தலையைச் சாய்த்து, கதவில் காதை வைத்து நிற்கிறான். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

அவன் கைக்குக் கீழே, கதவின் வெளிப்பக்கம், ஒரு பூட்டு தொங்குகிறது.

"இதை ஏன் முன்னாடியே காட்டலே?"

"அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டேன் பெரியப்பா. காட்டினா, அப்பா பொய் சொல்றார்னு சொல்லிடுவீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அவர் பொய் சொல்லலை." அவள் போனை அணைத்தாள். "வண்டி கண்ணாடி இறக்கியிருந்துச்சு. அப்பா கேட்டது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கு வந்த பதிலும் கேட்டுச்சு."

லாரிக்காரர் வாய் மூலமாகவும் அந்த ஞாயிறு தெருவில் நின்ற நான்கு பேர் வாய் மூலமாகவும் போன பேச்சு இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. பூட்டிய வீட்டு வாசலில் கிடந்த செத்தவளுடைய கட்டிலை நாங்கள் யாரையும் கேட்காமல் தூக்கி வந்தோம், அதனால்தான் அப்படி ஆயிற்று என்கிறார்கள்.

அது பொய். எங்கள் வீட்டில் கேட்காமல் எடுக்கவில்லை. கதவைத் தட்டிக் கேட்டோம். எடுத்துக்கச் சொன்னார்கள். எடுத்தோம்.